வாசலுக்கு எதிரே ஒரு தூண்

கடை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவளுக்குப் பயம் என்பது தினப்படி சமாசாரம். காலியாகக் கிடந்தால் யாரும் வர மாட்டார்களோ என்று பயம். ஆள் வந்துவிட்டால் போய்விடுவாரோ என்று பயம். எங்கள் பக்கம் எல்லாமே பதினோரு மாத ஒப்பந்தம்தான். பத்தாவது மாதம் பிறந்தபின் வாடகைக்காரர் போனில் கூப்பிட்டால், குழாய் ஒழுகுகிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார், நான் அதற்குள் புரோக்கர் நம்பரைத் தேட ஆரம்பித்துவிடுவேன். இப்படிச் சில்லறைப் பயங்களோடு காலம் தள்ளியே பழகிப்போனதாலோ என்னவோ, நிஜமாகவே பயப்பட வேண்டிய நாள் வந்தபோது நான் தப்பான விஷயத்துக்குப் பயந்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது கட்டடம். ரயில்வேயில் வேலை பார்த்த என் அப்பா கட்டியது. முதலில் தரைத்தளமும் முதல் மாடியும்தான். கொஞ்ச வருஷம் கழித்து இரண்டாம் மாடி எழுப்ப ஆசைப்பட்டார். பார்க்க வந்த இன்ஜினியர், கீழே முன்பக்கம் நடுவில் ஒரு தூண் கொடுத்தால்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டார். அப்பா கொடுத்தார். மற்ற தூண்களெல்லாம் சதுரம். இதை மட்டும் அழகாக இருக்கட்டும் என்று உருண்டையாகப் போட்டு, மேலே பூ வேலைப்பாடு வேறு செய்துவைத்தார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கல்யாண மண்டபத்து முகப்புக்காக வைத்தது போலத் தெரியும். அந்த மாதம் முழுக்க வேலைக்காரர்களுக்கு டீ கொண்டுபோனது நான்தான். அந்தத் தூண் எதற்காக வந்தது என்று எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று நான் பூசி மெழுகிவிடக் கூடாது.

அப்பாவுக்குப் பிறகு கட்டடம் என் கைக்கு வந்தது. பக்கத்துத் தெருவில்தான் என் வீடு. கல்யாணம், காட்சி எதுவும் இல்லை. இன்ஷூரன்ஸ் அலுவலக வேலையை விட்டபின் இந்த வாடகைதான் வருமானம். இரண்டாம் மாடியில் ஒரு ஆடிட்டர், வருஷத்தில் பாதி நாள் பூட்டியே வைத்திருப்பார். முதல் மாடியில் டே கேர். பள்ளிக்கூட டீச்சராக இருந்து விலகிய ஒரு பெண் நடத்துகிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், நான் போகிற கிறிஸ்தவ சபையில்தான் அவளும். அவளிடம் விடப்படும் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் நாவலூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் எட்டரைக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். ஒன்றரை வயதிலிருந்து நாலு வயது வரை, பத்தொன்பது பிள்ளைகள்.

கீழ்க்கடைதான் என் தலைவலி. பதினான்கு மாதம் காலி. வருகிறவர்கள் கழிப்பறையைப் பார்ப்பார்கள், மும்முனை மின்சாரம் இருக்கிறதா என்று கேட்பார்கள், எத்தனை வண்டி நிறுத்தலாம் என்று எண்ணுவார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். கடைசியில் உள்ளே நின்று வாசலைப் பார்ப்பார்கள். முகம் மாறிவிடும். கதவுக்கு நேர் எதிரே நாலடியில் தூண். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் போனார். மருந்துக் கடைக்காரர் போனார். கேக் செய்கிற அம்மாள் ஒருத்தி திசைகாட்டியோடு வாஸ்து பார்க்கிற ஆளையே கூட்டிவந்தாள். "தூண் குத்துதுங்க. இங்க வியாபாரம் நிக்காது" என்றார் அவர். நான் வேதத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள், இதெல்லாம் நம்புவதில்லை. "இத்தனை வருஷமா என்னைக் குத்தலையே சார்" என்றேன். "உங்களைக் குத்தாது மேடம். வாடகை குடுக்கறவரைத்தான் குத்தும்" என்றார் அந்த மனிதர். சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் எரிச்சலாக இருந்தது.

பிறகுதான் மாடுலர் கிச்சன் ஷோரூம் வைக்கிறேன் என்று ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், பேச்சில் மரியாதை. தூணைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பால் காய்ச்சி, எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். அப்பாடா என்று இருந்தது. ஒரு வாரம் கழித்து, திங்கட்கிழமை, போன் வந்தது.

"மேடம், உள்ள வேலை ஆரம்பிச்சிட்டோம். வீட்ல பெரியவங்க வந்து பாத்துட்டு அந்த ரவுண்ட் தூண் வேணாம்னு ரொம்பச் சொல்றாங்க. நம்ம மேஸ்திரி பாத்தாரு. அது சும்மா அலங்காரத்துக்கு வெச்சதுதான், லோடு எதுவும் இல்லைங்கறாரு. எடுத்துடலாமா?"

பீரோவில் கட்டடத்தின் வரைபடம் இருக்கிறது. எழுந்து பத்தடி நடந்தால் போதும். இல்லை என்று சொன்னால் இவர் கிளம்பிவிடுவார் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடியது. மறுபடி போர்டு மாட்ட வேண்டும், மறுபடி புரோக்கர்கள், மறுபடி அந்தக் காலிக் கடையின் ஷட்டரைத் தினமும் பார்த்துக்கொண்டு தெருவில் போக வேண்டும். "மேஸ்திரி பாத்துட்டார்னா சரிதான் தம்பி" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் உள்ளே ஏதோ நெருடியது. துணி மடிக்கப் போனேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். இடிக்கிற சத்தம் கேட்கவில்லை. அது நல்லதாகப் படவில்லை. வேலை நடக்கிற இடம் சும்மா இருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். உள்ளே மேஸ்திரி தாடையில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கிச்சன்காரர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூணின் இடுப்புப் பகுதியில் சிமென்ட் முழுக்கக் கொத்தப்பட்டு உள்கம்பிகள் தெரிந்தன. நேராக இருக்க வேண்டிய கம்பிகள் வெளிப்பக்கம் புடைத்து வளைந்திருந்தன.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். எனக்கே தெரியாமல் மேஸ்திரியின் பேச்சு எனக்கு வந்துவிட்டது.

"வெய்ட்டு கீதும்மா இதுல" என்றார் மேஸ்திரி. குரல் தணிந்திருந்தது. "நா அலங்காரம்னு நென்ச்சேன். கொத்திகினே இருக்கசொல்ல கம்பி வளையுது. மேல பாரு, பீம்ல கோடு வுட்டுக்கினு கீது. அத்தோட ஷட்டரப் பாரு. நேத்து சாய்ந்தரம் ஒயுங்கா எறங்குச்சு. இப்ப பாதில நிக்குது."

ஷட்டர் கதவைப் பார்த்தேன். மேலிருந்து மூன்றடி இறங்கி, சட்டத்தில் இறுகி நின்றது. இரண்டு பேர் தொங்கினாலும் வராதாம். ஷட்டருக்கு மேலே இருக்கிற பீம் ஒரு விரல் அளவு இறங்கினால்தான் அது அப்படிப் பிடிக்கும். அந்த பீமுக்கு மேலே முதல் மாடியின் முன்ஹால். அங்கே பிள்ளைகள் கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்கு நடுவே எல்லோரும் சேர்ந்து குதிக்கிற ஒரு இடம் வரும். தொம் என்று குதித்தார்கள். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கே கிடந்த சிமென்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரியை முட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, எங்கள் சபையிலேயே இருக்கும் இன்ஜினியர் ஒருவருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், ஆனால் என் கட்டடத்துக்கு வந்ததில்லை. பொத்தேரியில் ஏதோ ஹாஸ்டல் கட்டட வேலையில் இருந்தார். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அடுத்த நிமிஷமே கூப்பிட்டார்.

"அக்கா, மேல ஆள் யாராவது இருக்காங்களா?"

வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் அவர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியும். உடனே எல்லோரையும் வெளியே அனுப்புங்கள் என்பார். ஆடிட்டர் ஊரில் இல்லை, ஆனால் டே கேரிலிருந்து பத்தொன்பது வீட்டுக்குப் போன் போகும். அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போகும். தாம்பரத்தில் ஆட்டம் கண்ட கட்டடம் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால் அப்புறம் யார் வருவார்கள்? போலீஸ் வருமோ, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்பார்களோ? இதெல்லாம் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்துக்குள் ஓடியது.

"இல்ல தம்பி, யாரும் இல்ல" என்றேன்.

"தேங்க் காட். அப்ப ஒண்ணு பண்ணுங்க, நல்லா நெருக்கமா முட்டுக் குடுக்கச் சொல்லுங்க. யாரையும் மேல விடாதீங்க. நான் கிளம்பறேன், ஜாக்கி எல்லாம் ஏத்திக்கிட்டு வர ரெண்டு ரெண்டரை ஆயிடும்."

கிச்சன்காரர் பக்கத்தில்தான் நின்றார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அவருக்கும் அவருடைய பயம். மேஸ்திரி மட்டும், "புள்ளைங்கள எறக்கிடலாம்மா, பேஜாரா பூடும்" என்றார். "இன்ஜினியர் வரட்டும்" என்று நான் அதட்டினேன். அந்த மனிதரை அதட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சவுக்குக் கட்டைகள் வந்தன. ஒவ்வொன்றாக பீமுக்கு அடியில் நிறுத்தி ஆப்பு அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மேலிருந்து பொடி உதிர்ந்தது. பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. நான் ஜெபித்தேன். பிள்ளைகளைக் காப்பாற்றும் ஆண்டவரே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பதினெட்டுப் படி ஏறினால் நானே காப்பாற்றியிருக்கலாம். அதைச் செய்யாமல் ஜெபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டரைக்கு மேல் உட்கார முடியவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் படியேறினேன். மேலே பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஒரு ஆயா வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் ஜன்னலோரம் பாய்களை விரித்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி காற்று நன்றாக வரும் என்று மத்தியானத் தூக்கத்துக்கு எப்போதும் முன்ஹாலில்தான் படுக்கவைப்பாள். சரியாக அந்த பீமுக்கு மேலே.

"வாங்கக்கா, சாப்ட்டீங்களா?" என்றாள்.

ஒரு பெண் பிள்ளை வந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூக்கு என்று கையை நீட்டியது. தூக்கிக்கொண்டேன். சோற்று வாசனையும் பவுடர் வாசனையும் அடித்தது.

"இன்னிக்கு ஒரு நாள் பிள்ளைங்களைப் பின் ரூம்ல படுக்க வையேன்" என்றேன்.

"ஏன்க்கா? அங்க புழுங்குமே."

"கீழ டிரில் போடப் போறாங்க. சத்தத்துல முழிச்சுக்கும்."

அவள் மறுபேச்சுப் பேசாமல் பாய்களைச் சுருட்டினாள். நான் இறங்கிவந்துவிட்டேன். ஏதோ செய்துவிட்டது போல மனதுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. எவ்வளவு கேவலமான நிம்மதி.

ஒன்றேகால் இருக்கும். மேலே டமார் என்று ஒரு சத்தம், தொடர்ந்து கண்ணாடி சிதறுகிற சத்தம், பிறகு டீச்சரின் அலறல். நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. முன்ஹாலில் தரை ஓடுகள் நடுவில் கூரை மாதிரி எழும்பிப் பிளந்திருந்தன. ஜன்னலின் பெரிய கண்ணாடி சட்டத்திலிருந்து விட்டு உள்பக்கம் விழுந்து கத்தி கத்தியாகக் கிடந்தது. வழக்கமாகப் பாய் விரிக்கிற இடம் முழுக்கக் கண்ணாடி. டீச்சர் பின் அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பிள்ளைகளில் பாதி விழித்து அழுதன. மீதி தூங்கிக்கொண்டே இருந்தன.

"எல்லாத்தையும் தூக்கு. என் வீட்டுக்குக் கொண்டு போ" என்று கத்தினேன். மேஸ்திரி, கிச்சன்காரர், ஆயா, டீச்சர், நான், ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மேஸ்திரி மூன்று முறை ஏறி இறங்கினார். என் வீட்டுக் கூடத்தில் போட்டு எண்ணினோம். பத்தொன்பது. இன்னொரு முறை எண்ணினேன். பத்தொன்பதுதான்.

ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. இங்கே நிறுத்தினால் என் கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டீச்சர் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு இன்ஜினியர் ஞாபகம் வந்தது. இரண்டு மணிக்கு வந்துவிடுவார். மாடிப்படி அருகில் பிள்ளைகளின் செருப்பு அலமாரி இருக்கிறது.

ஓடினேன். இந்த வயதில் தெருவில் ஓடினேன். காலி சிமென்ட் பை ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அந்தக் குட்டிக் குட்டிச் செருப்புகளையெல்லாம் வாரி வாரிப் போட்டேன். ஒன்றில் மிதித்தால் கீச் என்று சத்தம் வரும். அது பைக்குள் போகிறபோதும் கத்தியது. பின் அறையில் விரித்திருந்த பாய்களை அப்படியே விட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். கட்டடம் எந்த நேரமும் விழலாம் என்று அப்போதும் எனக்குத் தெரியும். செருப்புக்காக அதன் உள்ளே போனேன். பிள்ளைகளுக்காகக் காலையில் போகவில்லை.

இன்ஜினியர் வந்தார். தூணைக் கொத்தியது தாங்கள்தான் என்ற பயத்தில் மேஸ்திரியும் கிச்சன்காரரும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இரும்பு ஜாக்கிகளை நிறுத்தி, பீமை இறுக்கிப் பிடித்த பிறகுதான் மூச்சு விட்டார். மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். கூடவே போனேன். சுவரில் ஒட்டியிருந்த யானை, ஒட்டகம் படங்களைப் பார்த்தார்.

"டே கேரா அக்கா இது?"

"ஆமா தம்பி. இன்னிக்கு லீவு."

"கர்த்தர் பெரியவர்" என்றார் அவர், கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே.

அன்று மாலை பெற்றோர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் செருப்புப் பையை எடுத்துக் கொடுத்தேன். தூண் வேலை முடிகிற வரை டே கேர் என் வீட்டுக் கூடத்திலேயே நடக்கட்டும் என்று சொன்னேன். நல்ல மனது உங்களுக்கு என்றார்கள். கிச்சன்காரர் போன் செய்து, தூண் இருக்கட்டும் மேடம், கதவை ஓரமாக மாற்றிக்கொள்கிறேன் என்றார். எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஆராதனை முடிவதற்கு முன் சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். அந்த வாரம் தேவன் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். டீச்சர் எழுந்தாள். மைக்கை வாங்கினாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். கீழே வேலை நடந்ததை, மத்தியானம் பிள்ளைகளுக்குப் பாய் விரித்ததை. "அப்பத்தான் அக்கா வந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா பிள்ளைங்களைப் பின் ரூம்ல படுக்க வைன்னாங்க. ஆண்டவர்தான் அவங்க வாயில அந்த வார்த்தையை வெச்சாரு. அரை மணி நேரத்துல கண்ணாடி மொத்தமும் பாய் விரிக்கிற எடத்துல விழுந்துச்சு. இடியப்போற கட்டடத்துக்குள்ள திரும்பப் போயி, பிள்ளைங்க செருப்பைக்கூட விடாம எடுத்துட்டு வந்தாங்க." அவளால் மேலே பேச முடியவில்லை. சபை முழுக்க அல்லேலூயா என்றது. பக்கத்திலிருந்த அம்மாள் என் தோளைத் தட்டினாள்.

நான் ஆண்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பாஸ்டர், "அக்கா, எழுந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். எழுந்தேன். எழுந்தால் எதிர் வரிசைகள் தெரியும். இன்ஜினியர் நாலாவது வரிசையில், மடியில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாத ஒன்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிற முகம் அது. பிறகு புரிந்துவிட்ட முகம்.

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் வண்டி எடுக்கிற இடத்துக்கு இன்ஜினியர் வந்தார். சபையார் முன்னால் கேட்பாரோ, டீச்சரைக் கூப்பிட்டு விசாரிப்பாரோ என்று பயந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"எத்தனை பிள்ளைங்கக்கா?"

"பத்தொம்பது."

தலையை மட்டும் ஆட்டினார். மனைவி காத்திருந்தார், போய்விட்டார்.

அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தூணுக்குப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, முன்னைவிடப் பருமனாக்கிக் கொடுத்தார். டே கேர் மறுபடி மேலே வந்துவிட்டது. மாதம் ஒருமுறை அவரே வந்து பீமைப் பார்க்கிறார். வருகிறபோது என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார், டீ கொடுத்தால் குடிக்கிறார். ஆனால் மேலே யார் இருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்பதில்லை. நேராகப் படியேறிப் போய் அவரே ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கி வருகிறார்.